படத்துக்குப் போட்ட மாலை

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்குப் போனைத் தொடவே பிடிக்காது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். நாம் இங்கே பட்டாசு வெடிக்கிறோம், அங்கே ஒருவன் பனியில் நமக்காக நிற்கிறான், அவனுக்காக வாசலில் ஒரு விளக்கு ஏற்றுங்கள் என்று எழுதி, கீழே ஒரு சிப்பாய் படத்தையும் ஒட்டி, பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி வரும். என் சித்தி மகன் அனுப்புவான், கூட வேலை பார்க்கிற பெண் அனுப்புவாள், பால்காரர் அனுப்புவார். அந்த ஒருவன் என் வீட்டுக்காரர்தான் என்பது அனுப்புகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே எனக்கும் அனுப்புவார்கள். ஒரு தடவை வந்த படத்தில் நின்றவரின் சீருடையைப் பார்த்தால் அது நம் நாட்டு ராணுவமே இல்லை. எந்த ஊர்க்காரரோ பாவம், அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருக்கிறது. மழை பெய்தால் கொஞ்சம் மிளகாயும் மல்லியும் விளையும், பெய்யாவிட்டால் கருவேலம் தானாக விளையும். எங்கள் இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் காட்டு வேலை பார்த்தவர்கள். அவர் பன்னிரண்டாவது முடித்ததும் மதுரைக்கு ஆள் எடுக்கப் போய், ஓடி, மார்பை விரித்துக் காட்டி, ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். நான் திருச்சுழியில் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்காருகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊர்ப்பட்ட பாரங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. காலையில் பஸ்ஸில் போய் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன். வீட்டில் மாமியாரும், ஐந்தாவது படிக்கிற என் மகளும் இருக்கிறார்கள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவரோடு ஒரே வீட்டில் தொடர்ந்து இருந்தது ஒரு தடவைதான். வடக்கே ஒரு ஊரில் குடும்பத்தோடு இருக்கலாம் என்று குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். மாமனார் தவறிப் போனதும் மாமியாரைத் தனியாக விட முடியாமல் நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் லீவில் வருவார், போவார். இப்போது மேலே இருக்கிறார். மேலே என்றால் எந்த இடம் என்று அவர் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். சாயங்காலம் ஆறரை போல, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து போன் போடுவார். சில நாள் போன் வராது. வராத அன்று மாமியார் சாப்பிட மாட்டார். எனக்குப் பசிக்கும், நான் சாப்பிட்டுவிடுவேன். "ஒனக்கு எப்பிடித்தான் எறங்குதோ தாயி" என்பார். பட்டினி கிடந்தால் மறுநாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக முடியாது என்பதை அவருக்கு நான் விளக்கிச் சொன்னதில்லை.

ஊரில் எல்லோரும் எங்களிடம் மரியாதையாகத்தான் இருப்பார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. மிலிட்டரிக்காரர் வீடு என்று தெருவுக்கே அடையாளம் சொல்வார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வருகிற அன்று அந்த மரியாதையை வைத்துக்கொண்டு வரிசையில் ஒரு குடம் முன்னால் நகர முடியாது. "தம்பிக்கு லீவு எப்பம்மா?" என்று அக்கறையாக, தலையைத் தடவாத குறையாகக் கேட்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. லீவில் வரும்போது கேண்டீன் கோட்டாவில் வாங்கி வருகிற பாட்டிலுக்கு முதல் ஆளாக நிற்பவர்களும் அவர்கள்தான். அவர் கொண்டுவந்த பையைக் கீழே வைத்து, காலைக் கழுவுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். நான் உள்ளே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன்.

போன தீபாவளிக்கு அவருக்குக் காரச்சேவும் அதிரசமும் இட்லிப்பொடியும் பார்சல் அனுப்பினேன். ராணுவத் தபாலில் போய்ச் சேரத் தீபாவளி முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. சேவு மாவாகிப் போயிருந்ததாம். கூட இருந்த பஞ்சாபிகளும் மலையாளிகளும் ஸ்பூன் போட்டு அள்ளித் தின்றுவிட்டு, இட்லிப்பொடியையும் ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டார்களாம். "ஒங்களுக்கு என்ன கெடச்சுது?" என்றேன். "அட்ரஸ் எழுதுன அட்டை" என்றார். சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. மகள் பார்க்கிறாள் என்று மிளகாய் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அதே பருவத்தில்தான், கார்த்திகை மாதம், அவர் அந்தப் பேச்சை எடுத்தார். சர்வீஸ் முடியப் போகிறது. விருப்பம் இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம். இருக்கிறேன் என்றால் தை மாதம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் ஆடி மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பென்ஷன் எப்படியும் உண்டு.

"என்ன செய்யட்டும்?" என்றார்.

"ஒங்களுக்கு எது தோதோ அதச் செய்ங்க."

"நீ சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல."

அன்றிலிருந்து தினமும் இதே பேச்சுதான். அவர் பந்தை என் பக்கம் தள்ளுவார், நான் திருப்பித் தள்ளுவேன். பிறகு மகளிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.

வந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் சொல்ல முடியவில்லை. வெளியே வந்தவர்களை எல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மில் கேட்டில் நீலச் சட்டை போட்டு நின்று, உள்ளே போகிற கார்களுக்கு எல்லாம் சல்யூட் அடிக்கிறார்கள். அப்படி ஒரு நாள் இவரும் நின்றால், நீதானே வரச் சொன்னாய் என்று வாயால் கேட்காவிட்டாலும் முகத்தில் கேட்பார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் லீவில் வந்த முதல் பத்து நாள் வீடு நிறைந்திருக்கும். இருபதாவது நாள் தண்ணீர் டிரம்மை ஏன் இங்கே வைத்தாய், பருப்பு டப்பாவில் ஏன் பேர் எழுதவில்லை என்று ஆரம்பிப்பார். எல்லாவற்றையும் நேர்கோட்டில் அடுக்குவார். எப்போது கிளம்புவார் என்று மனதுக்குள் நாள் எண்ணியிருக்கிறேன். கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து, நேர்கோட்டில் இருக்கிற டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தும் இருக்கிறேன். இருந்தாலும் கஷ்டம், போனாலும் கஷ்டம் என்று ஒரு மனிதரைப் பற்றி நினைக்கிறோமே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வரும்.

இதற்கு நடுவில் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் மகளின் பள்ளிக்கூடத்தில் ராணுவ வீரர்களுக்குப் பண்டிகைக் கால நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். டீச்சர் கரும்பலகையில் மாதிரிக் கடிதம் எழுதிப் போட, பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மகள் கொண்டுவந்து காட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. "முகம் தெரியாத வீரரே, நான் உங்களைப் பார்த்ததில்லை, ஆனாலும் உங்களுக்கு நன்றி" என்று இருந்தது.

"ஏண்டி, ஒங்கப்பாவுக்குத்தான எழுதுற? பாத்ததில்லன்னு எழுதியிருக்க?"

"எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும்னு மிஸ் சொன்னாங்கம்மா. மாத்துனா மார்க்கு இல்ல."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளைத் திட்டவும் தோன்றவில்லை. அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் எட்டாவது போகிறவரை இப்படித்தான் என்று கணக்குப் போட்டேன். அதை அன்று சாயங்காலம் போனில் அவரிடம் சொல்லியிருக்கலாம். சேலை முந்தியால் போனைத் துடைத்துக்கொண்டே, இங்கே குளிர் ஜாஸ்தி என்று சொன்னேன். அவர் இருக்கிற இடத்துக்கு நான் சொன்ன குளிர்!

போகிப் பண்டிகை அன்று காலையில் பொங்கல் விழாக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஊரில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். கடனுக்கும் கொடுப்பார், கஷ்டத்துக்கும் வந்து நிற்பார். மாமனார் இறந்தபோது பந்தல் போட்டதிலிருந்து எல்லாம் பார்த்தவர் அவர். அவரைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னால் எனக்குத்தான் நாக்கு அழுகும்.

"தங்கச்சி, இந்த வருசம் நம்ம தம்பிக்கு மேடையில ஒரு மரியாத செய்யணும்னு கமிட்டில பேசியிருக்கோம். அவுக அங்க நிக்கப் போயித்தான நாம இங்க நிம்மதியாப் பொங்க வைக்கோம்" என்றார்.

"அவுக இல்லையே அண்ணாச்சி."

"அதுக்குத்தான் போட்டோ. யூனிபார்ம் போட்ட படம் ஒண்ணு வாட்சப்புல விடுங்க. அருப்புக்கோட்டைல குடுத்துப் பெருசாப் பிரேம் போட்டுருவோம். நீங்களும் அம்மாவும் மேடைக்கு வந்தாப் போதும். தம்பிகிட்டயும் போன்ல கேட்டுட்டேன். அம்மாதான் நம்பர் குடுத்தாக."

மாமியார் பெருமையாகத் தலையாட்டினார். எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. மேடையில் நிற்கிற நேரத்தில் நாலு பானை கழுவி வைக்கலாம். ஆனால் ஆசையாக வந்து கூப்பிடுகிற மனிதரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? படத்தை அனுப்பி வைத்தேன்.

மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானத்துக்கு மேல், மாரியம்மன் கோவில் பொட்டலில் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி, ஜமுக்காளம் விரித்து மேடை ஆக்கியிருந்தார்கள். சாக்கு ஓட்டமும் உறியடியும் முடிந்து, கீழே எலுமிச்சம்பழ ஸ்பூன் போட்டிக்குப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். என் மகளும் ஸ்பூனை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். நானும் மாமியாரும் மேடை ஏறினோம். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் துண்டு விரித்து, அதன் மேல் அவர் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் பிரேம் கடைக்கு வருவது ஒன்று சாமி படம், இல்லையென்றால் போய்ச் சேர்ந்தவர்கள் படம். கடைக்காரர் வழக்கப்படி மேலே சின்னச் சிவப்பு பல்பு வைத்து அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சி பார்த்துப் பதறி அதைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். பல்பு போய்விட்டது, திருகாணி போட்ட இரண்டு ஓட்டை மட்டும் தெரிந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். நன்றாகத்தான் பேசினார். வெயிலிலும் மழையிலும் பனியிலும் என்று அடுக்கினார். நமக்கு மழை எங்கே என்று கீழே எவனோ கத்த, கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, குரலை உயர்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நம்ம தம்பிக்கு சர்வீஸ் முடியுது. போகிக்கு முந்தின நாளு போன்ல கேட்டேன். வீட்டுக்கு வரல அண்ணாச்சி, இன்னும் ரெண்டு வருசம் நாட்டுக்காக நிக்கப் போறேன்னு சொன்னாரு! அந்த மனசு யாருக்கு வரும்?"

கைதட்டல் பொட்டலையே நிறைத்தது. விசில் அடித்தார்கள். நானும் தட்டினேன். கை தானாகத் தட்டியது. இரண்டு மாதமாக நான் திருப்பித் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் ஊருக்கே தெரிந்து, கடைசியாக எனக்குத் தெரிகிறது. பக்கத்தில் மாமியார் முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. படத்தில் இருந்த மனிதர் மேல் அதைவிட அதிகமாக வந்தது. இதை என்னிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லையா என்று படத்தையே முறைத்துப் பார்த்தேன்.

அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக வரவேண்டியவர் வரவில்லை. அவருக்காக வாங்கி வைத்திருந்த ரோஜா மாலை, ஆள் இடுப்பு வரைக்கும் தொங்குகிற பெரிய மாலை, ஈரத் துணிக்குள் அப்படியே இருந்தது. "இந்த மாலைக்குச் சொந்தக்காரக நம்ம தங்கச்சிதான். தனியா நின்னு குடும்பத்தப் பாக்காக" என்று மைக்கில் சொல்லிவிட்டு, அண்ணாச்சி மாலையை இரண்டு கையிலும் விரித்துத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நான் எழுந்து நின்றேன். இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்தவன் பெண்டாட்டி கழுத்தில் எப்படி மாலை போடுவது? கீழே இளவட்டங்கள் ஓ என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவர் முகம் வெளிறிவிட்டது. போடுவதற்கு ஒரு பெண்ணைத் தேடினார். அவர் மனைவி கோலப் போட்டிக்கு மார்க் போடப் போயிருந்தார். மாமியாரைப் பார்த்தார். மாமியார் புருஷனை இழந்தவர், நல்ல காரியத்தில் நான் எப்படி என்று நாற்காலியோடு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். மாலை கையில் கனக்கிறது, கூட்டம் கூவுகிறது. அண்ணாச்சி சட்டென்று திரும்பி, நாற்காலியில் இருந்த படத்துக்குப் போட்டுவிட்டார்.

போட்டுவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு மூச்சு கூட விட்டார். அதற்குப் பிறகுதான் அவரும் பார்த்தார், எல்லோரும் பார்த்தோம். கண்ணாடிக்குள் சீருடை, அதைச் சுற்றி ரோஜா மாலை. எங்கள் ஊரில் எந்த வீட்டில் அப்படி ஒரு படத்தைப் பார்த்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயம் புரிந்துவிடும். மாலைக்காகப் போட்டிருந்த பாட்டை மைக் செட்டுக்காரன் நிறுத்தினான்.

"ஐயோ! எம்புள்ளைய என்னய்யா பண்ணுனீக!" என்று மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

பொட்டல் முழுக்கச் சத்தம். எடு, எடு என்று ஆளாளுக்குச் சொன்னார்களே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை. கிணற்றில் போடு என்றார் ஒருவர். கிணற்றில் போடக்கூடாது, நெருப்பில் போடு என்றார் இன்னொருவர். அண்ணாச்சி கையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார். "தெரியாமச் செஞ்சுட்டேன் தங்கச்சி, தெரியாமச் செஞ்சுட்டேன்" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு வரவில்லை.

எனக்கும் பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். இத்தனை வருஷமும் ஒவ்வொரு தடவை போன் வராதபோதும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்ற படம் இதுதான், இப்போது பட்டப்பகலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பயத்துக்கு மேலே ஒரு அலுப்பு வந்தது. யார் வந்து எடுப்பார்கள் என்று காத்திருக்கிறோம்? எங்கள் வீட்டில் எதை யார் வந்து எடுத்திருக்கிறார்கள்? போய் மாலையைக் கழற்றினேன். கிணற்றுக்கும் நெருப்புக்கும் கொடுக்க மனம் வரவில்லை. என் தலை வழியாகப் போட்டுக்கொண்டேன்.

"எனக்குன்னு சொல்லித்தான எடுத்தீக அண்ணாச்சி. நானே போட்டுக்கிட்டேன்" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் அது கோவில் வரைக்கும் கேட்டது.

யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாமியாரை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, டிரெய்லரிலிருந்து இறங்கினேன். மகள் ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பழம் வழியிலேயே விழுந்துவிட்டதாம். "நீ ஏம்மா மாலை போட்டிருக்க?" என்றாள். "பரிசு" என்றேன். எதில் என்று கேட்டாள். முதலில் நட என்றேன்.

தெருவில் எங்களை எல்லோரும் பார்த்தார்கள். மாலையோடு ஒரு பெண் பக்கத்தில் மாப்பிள்ளை இல்லாமல் நடந்துபோனால் பார்க்கத்தானே செய்வார்கள். வீட்டுக்கு வந்து படத்தைப் பீரோவுக்குள் சேலைகளுக்குப் பின்னால், முகம் உள்பக்கம் இருக்கும்படி வைத்தேன். மாமியார் மிளகாய் வற்றலும் உப்பும் எடுத்து, பீரோவைச் சுற்றி, என்னைச் சுற்றி, மகளையும் சுற்றி அடுப்பில் போட்டார். வீடெல்லாம் நெடி. மூன்று பேரும் இருமினோம். இருமி முடித்து, மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத எதுக்கு ஒங்கழுத்துல போட்ட?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாக. நான் போட்டுக்கிட்டேன் அத்தே."

மாலையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கழற்ற வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மாலையோடேயே பானையில் மிச்சம் இருந்த பொங்கலை மகளுக்குப் போட்டேன். அண்ணாச்சியும் அவர் மனைவியும் வாசலில் வந்து நின்றார்கள். அவர் உள்ளே வரவே இல்லை. மன்னிச்சிருங்க என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்க நல்லது நெனச்சுத்தான் செஞ்சீக என்று சொல்லி அனுப்பினேன். உண்மையும் அதுதான். எங்களுக்கு நல்லது செய்ய நினைக்கிற யாருக்கும் எங்களை என்ன செய்வது என்று தெரிவதில்லை.

ஆறரைக்குப் போன் வந்தது. எடுப்பதற்கு முன்னாலேயே, பொட்டலில் யாரோ எடுத்த வீடியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் தண்ணீர்தான் மெதுவாக வரும், வீடியோ அப்படி இல்லை.

"அம்மா எப்பிடி இருக்காக?" என்றார்.

"இருக்காக. மொளகா சுத்திப் போட்டுட்டு உக்காந்திருக்காக."

"நீ?"

"மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காற்று மட்டும் போனில் இரைந்தது.

"அண்ணாச்சிகிட்டச் சொன்னீக. எங்கிட்டச் சொல்ல முடியலையா?" என்று கேட்டேன்.

"அவரு கேட்ட கேள்வி அப்பிடி. வீட்டுக்கு வாரீகளா தம்பி, இல்ல நாட்டுக்காக இன்னும் நிக்கப் போறீகளான்னாரு. அப்பிடிக் கேட்டா ஒரு மனுசன் என்ன சொல்லுவான்? நிக்கிறேன்னுட்டேன்."

"எழுதிக் குடுத்தாச்சா?"

"நெரப்பி வச்சிருக்கேன். நாளைக் காலைல குடுக்கணும்."

என் கழுத்து அரித்தது. ஈர மாலையின் நார் உரசிச் சிவந்திருந்தது. மற்றவர்கள் பாரத்தை எல்லாம் நாள் முழுக்க நிரப்பிக் கொடுக்கிறவள், இந்த ஒரு பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். மில் கேட்டும் நீலச் சட்டையும் பருப்பு டப்பாவும் எல்லாம் மனதில் வந்து போயின. வரட்டும் என்று விட்டேன்.

"குடுக்காதீக" என்றேன்.

"ஊர்ல என்ன சொல்லுவாக?"

"அடுத்த வருசம் வேற ஆளுக்கு மாலை வாங்குவாக."

"ஏன், என்ன ஆச்சு ஒனக்கு?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. மகளின் கடிதம் இருந்தது, அன்றைக்குப் பார்த்த படம் இருந்தது. எதையும் எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. நல்ல பொங்கல் நாளில் இதைச் சொல்ல வேண்டாம் என்று ஒரு மனம் தடுத்தது. அதையும் மீறிச் சொன்னேன்.

"எனக்கு முடியலைங்க."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, கேக்குதா, கேக்குதா என்றேன். கேக்குது என்றார். மறுபடியும் காற்று இரைந்தது. யாரோ தூரத்தில் இந்தியில் அவரைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கும் முடியலம்மா" என்றார். "வந்துர்றேன்."